ஆயிரம் டாலர் ஸ்காலர்ஷிப் வந்தால் கட்டணம் பாதியாகிவிடுமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். கணவர் சிறிய விசைத்தறிப் பட்டறை நடத்துகிறார். மூத்த மகனுக்கு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மொத்தம் 36 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) கொண்ட இரண்டு வருடப் படிப்பு. முதல் வருடச் செலவு 40,000 டாலர் என்று, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் போட்டிருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை வைத்து 45 லட்ச ரூபாய் கல்விக் கடனுக்கு ஒரு பொதுத்துறை வங்கியில் பேசி முடித்திருக்கிறார்கள். மீதிக்குச் சேமிப்பும் நகையும்.

இந்த நிலையில் போன வாரம் மகனுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மெயில். வருடத்துக்கு ஆயிரம் டாலர் ஸ்காலர்ஷிப், செமஸ்டருக்கு ஐந்நூறாகப் பிரித்துத் தருவார்களாம். அதைப் பார்த்த சீனியர் ஒருவர், "ஆயிரம் டாலர் வந்தாலே போதும், இனி டெக்சஸ்காரங்க கட்டுற ஃபீஸ்தான் உனக்கும்" என்று சொல்லியிருக்கிறார். கட்டணம் பாதியாகிவிடும் என்று வீட்டில் ஒரே சந்தோஷம். கணவர் உடனே கடனை 25 லட்சமாகக் குறைத்துவிடலாம் என்கிறார். கோவையில் ஒரு கன்சல்டன்ட், 80,000 ரூபாய் கொடுத்தால் அந்தச் சலுகையை "கன்ஃபார்ம்" செய்து தருவதாகச் சொல்கிறார். டல்லாஸில் இருக்கும் தாய்மாமா, "என் வீட்டிலேயே தங்கட்டும், ஒரு வருஷத்துல டெக்சஸ்வாசி ஆயிடலாம்" என்கிறார். இதற்கு நடுவில் வாட்ஸ்அப்பில், டெக்சஸில் வெளிநாட்டு மாணவர்களுக்கு உள்ளூர்க் கட்டணத்தையே கோர்ட் நிறுத்திவிட்டதாக ஒரு செய்தியும் வந்திருக்கிறது.

"சின்னவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அண்ணனுக்கு எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு நாளைக்கு அவளுக்கு இல்லை என்று சொல்லும் நிலை வரக் கூடாது. பத்திரம் பேங்குக்குப் போவதற்குள் பதில் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகனுக்கு என் வாழ்த்துகள். அந்த ஆயிரம் டாலர் சும்மா வந்ததல்ல. கூட விண்ணப்பித்த பலரில் அவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். தொகை சின்னது என்று அதைக் குறைத்துப் பேச வேண்டாம்.

சீனியர் சொன்னதும் பொய் இல்லை. டெக்சஸில் அப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் ஆயிரம் டாலர் வந்தாலே சலுகை தானாக வந்துவிடும் என்று அவர் புரிந்துகொண்டிருப்பது தவறு. நீங்கள் மெயிலை அப்படியே இணைத்து அனுப்பியதால் நான் நிதானமாகப் படித்துப் பார்க்க முடிந்தது. நான்கு பத்தி. முதல் பத்தி வாழ்த்து, இரண்டாவது தொகை, நான்காவது கடைசித் தேதி. மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. வெளிமாநில மாணவருக்கான கட்டணத் தள்ளுபடிக்கும் நீங்கள் "பரிசீலிக்கப்படலாம்" என்கிறது அது. கொடுத்தாயிற்று என்றோ, கொடுப்போம் என்றோ அதில் இல்லை. உங்கள் வீட்டுப் பத்திரம் சம்பந்தப்பட்ட முடிவு இந்த ஒரு சொல்லில்தான் தொங்குகிறது. அதனால் சட்டத்தையும் கணக்கையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சட்டம் எதற்கு இடம் தருகிறது

அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் அந்தந்த மாநில மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை. அதனால் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டணம், வெளியிலிருந்து வருபவர்களுக்கு வேறொரு கட்டணம். பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவிலிருந்து வரும் அமெரிக்கப் பையனும் ஈரோட்டிலிருந்து போகும் உங்கள் மகனும் இந்த விஷயத்தில் ஒரே வரிசைதான். இருவருமே நான்-ரெசிடென்ட். ஹூஸ்டனில் உள்ள ரைஸ், டல்லாஸில் உள்ள எஸ்.எம்.யூ. மாதிரி தனியார் பல்கலைக்கழகங்களில் இந்தப் பாகுபாடு இல்லை, எல்லாருக்கும் ஒரே கட்டணம்.

டெக்சஸ் கல்விச் சட்டத்தின் 54.213-ஆம் பிரிவு இந்த இடத்தில்தான் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வெளிமாநில மாணவரோ வெளிநாட்டு மாணவரோ, போட்டியில் வென்று குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் பெற்றால், அவரிடம் டெக்சஸ்வாசிகளுக்கான கட்டணத்தையே வசூலிக்க அது இடம் தருகிறது. 500 கூட்டல் 500 என்று இரண்டு செமஸ்டருக்குப் பிரித்துக் கொடுத்தாலும் கல்வியாண்டுக்கு ஆயிரம் ஆகிவிடுவதால் அதில் சிக்கல் இல்லை.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஸ்காலர்ஷிப்பைக் கொடுப்பது அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரித்த தேர்வுக் குழுவாக இருக்க வேண்டும். அதற்கு டெக்சஸ் மாணவர்களும் சேர்ந்து போட்டியிட்டிருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டுமே என்று ஒதுக்கிக் கொடுத்த ஸ்காலர்ஷிப் என்றால், தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்தச் சலுகைக்குச் செல்லாது. அப்புறம், சீனியர்கள் யாரும் சொல்லாத ஒன்று: ஒரு பல்கலைக்கழகம் இந்தச் சலுகையைத் தருகிற மாணவர் எண்ணிக்கை, முந்தைய வருடம் அதே செமஸ்டரில் அங்கே பதிவு செய்திருந்த மொத்த மாணவர்களில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த வரம்புக்குள்தான் எல்லாத் துறைகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு துறையில் ஸ்காலர்ஷிப்புக்குப் பணம் இருக்கும், தள்ளுபடிக்கு இடம் மீதி இருக்காது. அப்போது ஆயிரம் டாலர் மட்டும் வரும், தள்ளுபடி வராது. மெயிலில் "பரிசீலிக்கப்படலாம்" என்று எழுதியதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பில்லில் எந்த வரி குறையும்

கட்டணம் பாதியாகும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது சரியான கணக்கு இல்லை. ஒரு செமஸ்டர் பில்லை எடுத்துப் பார்த்தால் டியூஷன் என்பது ஒரே வரியாக இருக்காது. மாநிலச் சட்டம் நிர்ணயித்த அடிப்படை டியூஷன் ஒரு வரி. பல்கலைக்கழகம் தானே நிர்ணயிக்கும் டியூஷன் அடுத்த வரி. அதன் கீழே துறைக்கான கூடுதல் கட்டணம், நூலகம், கணினி, மாணவர் சேவை, மருத்துவக் காப்பீடு என்று நீளும். சில இடங்களில் இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டுவார்கள்.

உள்ளூர், வெளியூர் என்ற பெரிய வித்தியாசம் அந்த முதல் வரியில்தான். டெக்சஸ்வாசிக்குச் சட்டப்படி அடிப்படை டியூஷன் ஒரு கிரெடிட்டுக்கு 50 டாலர். வெளியாருக்கு அது பல மடங்கு. டெக்சஸ் தவிர்த்து மக்கள்தொகை மிகுந்த ஐந்து மாநிலங்களில் வெளியாரிடம் வாங்கும் கட்டணத்தின் சராசரியை வைத்து வருடாவருடம் மாநில உயர்கல்வி வாரியம் அதைக் கணக்கிடுகிறது. எம்.எஸ். மாணவர்களிடம் இந்த அடிப்படை விகிதத்துக்கு மேலும் வாங்கப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு. அதனால் உங்கள் மகனின் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சரியான வழி.

ஒரு கணக்குக்காக, வித்தியாசம் கிரெடிட்டுக்கு 400 டாலர் என்று வைத்துக்கொள்வோம். செமஸ்டருக்கு 9 கிரெடிட் எடுத்தால் 3,600 டாலர் மிச்சம். முதல் வருடத்துக்கு 7,200. டாலரை 90 ரூபாய் என்று போட்டால் ஏறக்குறைய ஆறரை லட்சம். இரண்டு வருடமும் சலுகை நீடித்தால் 13 லட்சத்தை நெருங்கும். இது கண்டிப்பாகப் பெரிய பணம்தான், விசைத்தறி ஓட்டி இதைச் சேர்க்க எத்தனை வருடம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கணவர் குறைக்க நினைப்பது 20 லட்சம். எல்லாமே நல்லபடியாக நடந்தாலும் இந்தக் கணக்கில் 7 லட்சம் இடிக்கிறது. வாடகை, சாப்பாடு, காப்பீடு, விமான டிக்கெட் எதிலும் இந்தச் சலுகை ஒரு டாலர்கூடக் குறைக்காது.

இந்தச் சலுகை வருடத்துக்கு ஒருமுறை

அந்த ஸ்காலர்ஷிப் எத்தனை மாதத்துக்கோ அத்தனை மாதத்துக்குத்தான் தள்ளுபடியும். அதிகபட்சம் 12 மாதம். இரண்டாம் வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், மறுபடி வெல்ல வேண்டும். மதிப்பெண்ணும் பார்ப்பார்கள். எம்.எஸ். மாணவருக்குப் பெரும்பாலும் ஜி.பி.ஏ. (நான்குக்கு எத்தனை என்று போடும் சராசரி மதிப்பெண்) 3.0-க்குக் கீழே போகக் கூடாது.

சில வருடங்களுக்கு முன் திருச்சியைச் சேர்ந்த ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. பையனுக்கு முதல் வருடம் தள்ளுபடி கிடைத்திருந்தது. இரண்டாம் வருடமும் அப்படியே தொடரும் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பாடத்தில் சறுக்கி ஜி.பி.ஏ. 2.9-க்கு வந்துவிட, ஸ்காலர்ஷிப் புதுப்பிக்கப்படவில்லை. ஆகஸ்ட் மாதம் வந்த பில்லில் 3,000 டாலருக்கு மேல் கூடியிருந்தது, கட்ட இருந்தது பத்து நாள். அப்பா நகைக்கடன் வாங்கிக் கட்டினார். படிப்பு நிற்கவில்லை, பையன் பட்டமும் வாங்கிவிட்டான். ஆனால் அந்தப் பத்து நாளும் அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை என்று அவனுடைய அம்மா பிறகு சொன்னார். உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாமா, கன்சல்டன்ட், வாட்ஸ்அப்

தாய்மாமாவின் அன்பு பெரிது. வாடகை மிச்சமாகும், வீட்டுச் சாப்பாடு கிடைக்கும், பையனுக்குத் தைரியமாக இருக்கும். பல்கலைக்கழகத்துக்குப் போய்வரத் தோதான தூரம் என்றால் தாராளமாகத் தங்கட்டும். ஆனால் அதனால் அவர் டெக்சஸ்வாசி ஆக முடியாது. மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் இருப்பவர், படிப்பு முடிந்தால் திரும்புவேன் என்று சொல்லி வந்தவர். அவர் எத்தனை வருடம் டெக்சஸில் இருந்தாலும் அந்த விசாவை வைத்து உள்ளூர்க் கட்டணத்துக்கான வசிப்பிடத் தகுதி பெற முடியாது. மாமாவிடம் கிரீன் கார்டு இருந்தாலும் குடியுரிமையே இருந்தாலும் அது மருமகனுக்குப் பயன்படாது. மாணவருடைய சொந்த நிலை அல்லது பெற்றோர் நிலையைத்தான் பார்ப்பார்கள். தயவுசெய்து பல்கலைக்கழகப் படிவத்தில் மாமா வீட்டு முகவரியைப் போட்டு "ரெசிடென்ட்" என்று டிக் செய்ய வேண்டாம். தவறான தகவல் கொடுத்தது தெரிந்தால் கட்டண வித்தியாசத்தைக் கட்டச் சொல்வதோடு நிற்காது, ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். அது விசாவையே பாதிக்கலாம். ஸ்காலர்ஷிப் வழியாக வரும் தள்ளுபடிக்கு அவர் ரெசிடென்ட் ஆக வேண்டிய அவசியமே இல்லை. நான்-ரெசிடென்ட் ஆக இருந்துகொண்டே குறைந்த கட்டணம் கட்டுவதுதான் அந்தச் சலுகை.

கன்சல்டன்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தேர்வு நடப்பது பல்கலைக்கழகத்துக்குள். எந்தத் தகுதிக்குக் கொடுப்பார்கள் என்பது முன்கூட்டியே வெளியிடப்பட்ட விவரம். வெளியிலிருந்து யாரும் அதைக் கன்ஃபார்ம் செய்ய முடியாது. ஏற்கெனவே மகன் கையில் இருக்கும் மெயிலைக் காட்டி 80,000 கேட்பது, உங்கள் வீட்டுத் தேங்காயை உங்களுக்கே விற்பது போலத்தான். இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். "உங்கள் டியூஷனை நாங்கள் கட்டிவிடுகிறோம், எங்களுக்குப் பத்து சதவீதம் குறைத்துக் கொடுத்தால் போதும்" என்று இந்திய மாணவர்களைக் குறிவைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். திருடிய கார்டில் கட்டிவிட்டு ரசீதைக் காட்டுவார்கள். சில வாரத்தில் வங்கி அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நீங்கள் கொடுத்த பணமும் போகும், பில்லும் அப்படியே நிற்கும். மகனிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

கோர்ட் செய்தி பாதி உண்மை. 2025 ஜூன் 4 அன்று டெக்சஸில் ஒரு ஃபெடரல் நீதிமன்றம் உத்தரவிட்டது உண்மைதான். ஆனால் அது 2001-இல் வந்த வேறொரு சட்டம் பற்றியது. டெக்சஸில் பள்ளிப்படிப்பு முடித்து, சட்டப்படியான குடியேற்ற அனுமதி இல்லாமல் அங்கே வாழும் பிள்ளைகளுக்கு உள்ளூர்க் கட்டணம் கொடுத்துவந்த சட்டம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய அடி. உங்கள் மகன் முறையான மாணவர் விசாவில் போகிறார், கேட்பதும் ஸ்காலர்ஷிப் வழியான தள்ளுபடி. இரண்டும் வேறு வேறு பிரிவுகள்.

கடிதத்தில், உங்கள் சமுதாயச் சங்கத்தின் அறக்கட்டளை ஒன்றரை லட்ச ரூபாய் உதவித்தொகை தருவதாகவும், அதுவும் ஆயிரம் டாலருக்கு மேல் வருவதால் அதைக் காட்டியும் தள்ளுபடி கேட்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். கேட்க முடியாது. அதைக் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் குழு இல்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கண்டிப்பாக வாங்கிக்கொள்ளுங்கள், விமான டிக்கெட்டுக்கும் முதல் மாதச் செலவுக்கும் சரியாக இருக்கும்.

கடனை என்ன செய்வது

இங்கேதான் உங்கள் கணவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். கடனைக் குறைக்க வேண்டும் என்ற அவருடைய எண்ணம் நியாயமானது. கடன் வாங்கித் தொழில் செய்பவருக்கு வட்டியின் வலி தெரியும். ஆனால் அனுமதியைக் குறைப்பதும் கடனைக் குறைப்பதும் ஒன்றல்ல.

கல்விக் கடனில் 45 லட்சம் சாங்ஷன் ஆனால் 45 லட்சமும் அன்றைக்கே உங்கள் தலையில் ஏறாது. செமஸ்டர் பில்லைக் காட்டக் காட்ட, வங்கி அந்தத் தொகையை நேராகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். எவ்வளவு எடுத்தீர்களோ அதற்குத்தான் வட்டி. தள்ளுபடி வந்தால் பில் குறையும், நீங்கள் எடுப்பதும் தானாகக் குறையும். வராவிட்டால் பணம் தயாராக இருக்கும். அதனால் சாங்ஷன் 45 லட்சமாகவே இருக்கட்டும், எடுப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது 25-ஆகக் குறைத்துவிட்டு, அடுத்த வருடம் கூடுதலாகக் கேட்டுப் போனால் மறுபடி வில்லங்கச் சான்று, மதிப்பீடு, வக்கீல் ஒப்பீனியன் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதற்குள் பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதி போய்விடும்.

பத்திரம் பற்றிய உங்கள் பயம் புரிகிறது. ஆனால் 25 லட்சத்துக்கும் அதே வீட்டுப் பத்திரம்தான், 45 லட்சத்துக்கும் அதே பத்திரம்தான். குறைத்துக் கேட்பதால் வீடு வெளியே வந்துவிடாது. வங்கி மேலாளரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேட்டு வாருங்கள். எடுக்காத தொகைக்கு ஏதாவது கட்டணம் உண்டா? படிக்கும் காலத்திலேயே மாதாமாதம் வட்டியைக் கட்டி வந்தால் வட்டி விகிதத்தில் சலுகை உண்டா? பல வங்கிகளில் இரண்டாவதற்கு உண்டு என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட முடிந்தால் கட்டுங்கள், அந்த வட்டி சேர்ந்து அசலோடு ஏறுவதைத் தடுப்பதுதான் உங்கள் சின்ன மகளுக்கு இப்போது நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

விசா கோணமும் இருக்கிறது. ஐ-20-யில் முதல் வருடத்துக்கு 40,000 டாலர் என்று இருக்கிறது. அது சுமார் 36 லட்ச ரூபாய். அந்த அளவுக்குப் பணம் இருப்பதைச் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் காட்ட வேண்டும். 25 லட்சத்துக்கு சாங்ஷன் கடிதத்தை எடுத்துப் போனால், மீதி எங்கே என்ற கேள்வி வரும். தள்ளுபடி எழுத்தில் உறுதியாகிவிட்டால், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஐ-20-யைத் திருத்தித் தரச் சொல்லலாம். அது வரும் வரை பழைய தொகைக்கே தயாராக இருங்கள்.

வருமான வரி பற்றி ஒரு வரி: கல்விக் கடனின் வட்டிக்கு எட்டு வருடம் வரை கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும், கட்டுகிறவர் பெயரில். உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகன் இந்த வாரம் கேட்க வேண்டியவை

அவரே தன் பல்கலைக்கழக மெயிலிலிருந்து, ஸ்காலர்ஷிப் கொடுத்த துறைக்கும் நிதி உதவி அலுவலகத்துக்கும் சேர்த்து எழுதட்டும். போனில் கேட்ட பதில் போதாது. எனக்குக் கிடைத்திருக்கும் இந்த ஸ்காலர்ஷிப் 54.213 பிரிவின்படி போட்டி ஸ்காலர்ஷிப் என்று கணக்காகிறதா? எனக்குத் தள்ளுபடி ஒதுக்கப்பட்டிருக்கிறதா, இல்லையென்றால் எந்தத் தேதிக்குள் தெரியும்? எந்த செமஸ்டரிலிருந்து எந்த செமஸ்டர் வரை? என் படிப்புக்கு இது பொருந்துமா? புதுப்பிக்க என்ன ஜி.பி.ஏ., எத்தனை கிரெடிட் வேண்டும்? நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மாநில நிதி இல்லாமல் மாணவர்கள் கட்டும் தனிக் கட்டணத்திலேயே நடக்கும் சில படிப்புகளுக்கும் ஆன்லைன் படிப்புகளுக்கும் பெரும்பாலும் இந்தத் தள்ளுபடி பொருந்தாது. டேட்டா, மேலாண்மை சம்பந்தப்பட்ட எம்.எஸ். சிலவற்றில் இந்தச் சிக்கலை நான் பார்த்திருக்கிறேன்.

டெக்சஸில் வழக்கமான செமஸ்டர்களில் வகுப்பு தொடங்கி 12-ஆவது வகுப்பு நாளில் மாணவர் எண்ணிக்கையை அதிகாரபூர்வமாக முடிவு செய்வார்கள். ஸ்காலர்ஷிப்பை ஏற்றுக்கொள்வது, படிவம் கொடுப்பது எல்லாம் அதற்கு வெகுமுன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். மெயிலின் நான்காவது பத்தியில் ஏற்றுக்கொள்ளும் கடைசித் தேதி இருக்கிறதே, முதலில் அதைக் கவனியுங்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டால் நான் மேலே எழுதிய எதற்கும் அர்த்தமில்லை. அதே போல, விசா தாமதமாகி, சேர்வதை ஜனவரிக்குத் தள்ளிப்போட நேர்ந்தால் ஸ்காலர்ஷிப்பும் கூடவே நகருமா என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது. பல இடங்களில் நகராது.

இன்னொரு கதவும் இருக்கிறது, இதைவிட உறுதியானது. தன் படிப்போடு தொடர்புடைய வேலையில் டீச்சிங் அசிஸ்டன்ட்டாகவோ (பேராசிரியருக்குப் பாடம் நடத்துவதில் உதவுபவர்) ரிசர்ச் அசிஸ்டன்ட்டாகவோ (ஆராய்ச்சியில் உதவுபவர்) குறைந்தது அரை நேர வேலையில், அதாவது வாரம் 20 மணி நேரம், சேர்ந்துவிட்டால் 54.212 பிரிவின்படி உள்ளூர்க் கட்டணத்தில் பதிவு செய்யும் உரிமை உண்டு. 54.213-க்கு உள்ள 5 சதவீத வரம்பு அதற்கு இல்லை. கூடவே சம்பளமும் வரும். எஃப்-1 மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம் என்பதால் இரண்டும் பொருந்திப்போகிறது. முதல் செமஸ்டரில் எம்.எஸ். மாணவருக்கு இது கிடைப்பது கடினம். ஆனால் போன உடனே பேராசிரியர்களை நேரில் பார்த்துப் பேசத் தொடங்கினால் இரண்டாவது, மூன்றாவது செமஸ்டரில் கிடைத்தவர்களை எனக்குத் தெரியும். மணிக்கணக்குச் சம்பளத்துக்கு நூலகத்திலும் உணவகத்திலும் செய்யும் வேலை இதில் சேராது என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். கைச்செலவுக்கு அது உதவும், கட்டணத்தைக் குறைக்காது.

பதில் "ஆம், ஒதுக்கப்பட்டிருக்கிறது" என்று எழுத்தில் வந்தால், அந்த மெயிலை அச்செடுத்து வங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, முதல் தவணையைக் குறைந்த பில்லுக்கே கேளுங்கள். "இல்லை" என்றோ "பிறகு தெரியும்" என்றோ வந்தால் முழு பில்லுக்குக் கேளுங்கள். இரண்டில் எது வந்தாலும் சாங்ஷன் கடிதம் ஒன்றுதான், அதனால் பத்திரம் கொடுக்க இந்தப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். பதில் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த மெயிலையும் சேர்த்து அனுப்பினால், எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று படித்துச் சொல்கிறேன்.